கம்பளியை எடுத்த நாள்

என் கையில் ஒரு கம்பளி இருந்தது. அதை நான்காக மடித்திருந்தேன்.

மழை இன்னும் தொடங்கவில்லை. மலைச்சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அத்தை மல்லாந்து கிடந்தார். அவருடைய கூடை இரண்டு நிரை தள்ளி உருண்டு கிடந்தது. சிதறிய கொழுந்தின் பச்சை வாசனையோடு, நெருப்புக்குச்சி உரசியதுபோல் இன்னொரு வாசனையும் காற்றில் இருந்தது.

அத்தை என்று நான் சொல்வது என் மனைவி செல்லம்மாவின் தாயாரை. நிழல் மரத்தில் இறங்கிய இடி, பக்கத்தில் நின்ற அவரையும் தள்ளிவிட்டிருந்தது. மூச்சு இல்லை. கழுத்தில் நாடி இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் தோட்டத்தில் இரண்டே பேர். ஒருவர் ஒரு மைல் கீழே ஆஸ்பத்திரியில் இருந்தார். மற்றவன் நான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மடித்த கம்பளியை அத்தையின் மார்பின்மேல் வைத்தேன். அந்தக் கம்பளியின்மேல் என் கைகளை வைத்தேன்.

இதை இத்தனை வருடம் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. போன வாரம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஆர்டலி என்கிற உதவியாளனாகச் சேர்ந்த கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த கந்தப்பளை வாசகர் ஒருவர், "மருந்துப் போத்தல் கழுவினதைத் தவிர நீங்கள் யாரையாவது காப்பாற்றியதுண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேலியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனாலும் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கம்பளியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் லயம் ராகலைக்கும் கந்தப்பளைக்கும் இடையில் ஒரு மலையின் இடுப்பில் இருந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் திண்ணைபோல் சின்ன இஸ்தோப்பு, அவ்வளவுதான். எங்களுடையது ஏழாவது. அத்தையுடையது எட்டாவது. நடுச்சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் அடுப்பு ஊதினால் இந்தப் பக்கம் கண் எரியும்.

அப்படியிருந்தும், கல்யாணமாகி ஆறு வருடத்தில் அத்தையின் முகத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை. மருமகன் முன்னால் மாமியார் வந்து நிற்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மலைத் தண்ணீர் விழும் பீலிக்கு நான் குளிக்கப் போனால், அவர் பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு மண்திட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். ரோட்டில் எதிரே வந்தால் தலைப்பை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிவிடுவார். நானோ பிறவியிலேயே கூச்சக்காரன். அந்த வழக்கம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பேச வேண்டியிருந்தால்? அதற்குக் கோழி இருந்தது.

"ஏ கோழி, மருமகப்புள்ளைக்கு ரொட்டி சுட்டு வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள திங்கச் சொல்லு."

"ஏ கோழி, ஆஸ்பத்திரி உடுப்பு வெளியில காயுது. மழை இருட்டிக்கிட்டு வருதுன்னு சொல்லு."

கோழி தன் பாட்டுக்குக் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். நான் தொண்டையைக் கனைப்பேன். விளங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பொங்கலுக்கு அந்தக் கோழியையே குழம்பு வைத்துவிட்டார்கள். நான்கு நாளைக்கு எனக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு வேறொரு கோழி வந்தது. "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கோழிதான் பாவம்" என்று செல்லம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

முகம் தெரியாதே தவிர, அத்தையின் சத்தம் முழுக்க எனக்குத் தெரியும். இருமலைத் தெரியும். வளையலைத் தெரியும். எல்லாவற்றையும்விட உலக்கையைத் தெரியும். மாவு இடிக்கும்போது அவரிடம் அவசரமே இருக்காது. உலக்கை முழுதாக மேலே போகும். ஒரு கணம் நிற்கும். பிறகு தன் பாரத்திலேயே விழும். தொம். மறுபடி மேலே போகும். எங்கள் பக்கத்துச் சுவரில் தொங்கிய கண்ணாடி அந்த அடிக்கு மெல்ல அதிரும். அந்த அதிர்வைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் சவரம் செய்திருக்கிறேன்.

எண்பது இறாத்தல்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. மருந்து கொடுக்கிறவரைத் தோட்டத்தில் டாக்டர் என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நான்கு வயது இளையவர். அதனால் எல்லோருக்கும் அவர் சின்ன டாக்டர்.

ஒரு நாள் நுவரெலியாவில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என்னிடம் வந்தார். கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை.

"இஞ்ச வாரும். இவ்வளவு நாளும் நாங்கள் செய்தது எல்லாம் பழசாப் போச்சுது" என்றார்.

அதுவரைக்கும் மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகை அழுத்தி, கைகளைத் தூக்கிவிடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. இப்போது மல்லாத்திப் போட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து அழுத்த வேண்டுமாம். அப்படி அழுத்தினால் நின்றுபோன இருதயத்துக்குப் பதிலாக நம்முடைய கைகளே இரத்தத்தை ஓட்டுமாம். கூடவே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டுமாம். இரண்டு பேர் இருந்தால், ஐந்து தரம் அழுத்தியபின் ஒரு மூச்சு.

கட்டிலில் ஒரு தலையணையைப் போட்டுச் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். கட்டில் ஸ்பிரிங் ஜோராகத் துள்ளியது. நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீர் அமத்திறது கட்டிலை. ஆளை இல்லை" என்றார் சின்ன டாக்டர். "கீழ கல்லுமாதிரி இருக்கவேணும். சீமெந்து நிலத்துக்கு வாரும்."

ஒரு படங்குச் சாக்கில் ஸ்டோரில் மிஞ்சிய தேயிலைக் கழிவை அடைத்துக் கட்டி, சீமெந்துத் தரையில் போட்டோம். முழங்கையை மடித்து அழுத்தினேன். அதற்கும் திட்டு விழுந்தது. கை நேராக இருக்க வேண்டும், தோள் கைக்கு நேர் மேலே வர வேண்டும், இடுப்பிலிருந்து பாரம் இறங்க வேண்டும் என்றார். பிறகு ஆள் நிறுக்கும் தராசைத் தரையில் போட்டு அதன்மேல் என்னை அழுத்த வைத்தார். முள் நாற்பதில் நின்றது.

"நாப்பது இறாத்தல் பிள்ளைக்குக் காணும். வளந்த ஆளுக்கு எண்பது வேணும். நெஞ்சு ஒன்றரை, இரண்டு அங்குலம் உள்ளுக்குப் போகவேணும்."

"எலும்பு ஒடைஞ்சிராதுங்களா ஐயா?"

"உடையட்டும். உடைஞ்ச எலும்பு பொருந்தும். செத்த ஆள் எழும்புவாரோ?"

முள்ளை எண்பதுக்குக் கொண்டுபோகப் பழகினேன். ஆனால் அழுத்தியதும் பாரத்தை எடுக்காமல் சாய்ந்தே கிடந்தேன். அவருக்கு அதுதான் பெரிய கோபம். "அமத்தினால் மட்டும் காணாது. விடவும் வேணும். முழுசா விட்டால்தான் நெஞ்சுக்குள்ள இரத்தம் திரும்பி வரும். கை எடுபடக் கூடாது, பாரம் எடுபட வேணும். விளங்கிச்சோ?"

அப்போதுதான் எனக்கு அத்தையின் உலக்கை ஞாபகம் வந்தது. முழுதாக மேலே, பிறகு தன் பாரத்தில் கீழே. அதை மனதுக்குள் கேட்டுக்கொண்டே அழுத்தினேன். சின்ன டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிமிசத்துக்கு அறுபது. சரியான கணக்கு. எங்க பழகினீர்?"

மாமியார் மாவு இடிக்கிறதைக் கேட்டுப் பழகினேன் என்று எப்படிச் சொல்வது? இப்போதெல்லாம் இன்னும் வேகமாக அழுத்தச் சொல்கிறார்களாம். அன்றைக்கு எங்களுக்குச் சொல்லித் தந்தது அதுதான்.

அன்று சாயங்காலம் செல்லம்மாவிடம் தலையணையை வைத்துச் செய்து காட்டினேன். வாயில் ஊதுகிற கதையையும் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊத வேண்டும் என்றதும் அவள், "ச்சீ! கண்ட கண்ட ஆளு வாயிலயா? நீங்க போய் ஊதிட்டு இந்தக் காம்பராவுக்குள்ள வந்துறாதீங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல் அது.

ஈர மண்

இடிக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வைத்தியம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்திய காலம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மாரிமுத்து என்பவரை இடி தாக்கியது. நல்ல பாட்டுக்காரர். தேரோட்டத்தன்று அவர் குரல் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். விழுந்தவரை யாரும் உடனே தொடவில்லை. தொட்டால் இடி நம் உடம்புக்கும் பாயும் என்று நம்பினோம். பிறகு குழி தோண்டி, அவரைக் கழுத்துவரை ஈர மண்ணில் புதைத்தோம். உடம்பிலுள்ள நெருப்பை மண் இழுத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அரைமணி நேரம் காத்திருந்தோம். மாரிமுத்து கண் திறக்கவேயில்லை.

நான் தள்ளி நின்று பார்த்தவன் இல்லை. மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன். அவர் நெஞ்சைச் சுற்றி மண்ணை இறுக்கி மிதித்ததுகூட நான்தான்.

சின்ன டாக்டர் பழக்கிய அந்த நாளில், சாக்கைத் தூக்கி மூலையில் வைக்கும்போது கேட்டேன். "இடி அடிச்சவங்களுக்கும் இது சரிவருங்களா?"

"அவைக்குத்தான் முக்கியமாச் சரிவரும். மற்ற நோயாளியைப் போல இல்லை. நல்ல இருதயம், திடீரெண்டு நிண்டு போனது. உடன அமத்தினால் திரும்பக் கூடும்."



வெறும் கை

இனி அந்தச் சரிவுக்கு வருகிறேன்.

புரட்டாசி முடிகிற சமயம். பின்னேரம் ஆனால் இடி இடிக்கிற காலம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பெண்கள் கொழுந்து நிறுக்கப் புறப்பட்ட நேரம். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. பிறகு பெண்களின் கூச்சல். ஓடினேன்.

வேலு கங்காணி கைகளை விரித்துக்கொண்டு வழியை மறித்தார். "தொடாதீங்க! இடி இன்னும் ஒடம்புக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும். டேய், மண்வெட்டி கொண்டாங்கடா!"

"மண்வெட்டி வேணாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருடைய கைக்குக் கீழே குனிந்து போய்த்தான் பார்த்தேன், விழுந்து கிடப்பது அத்தை என்று. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். செல்லம்மாவின் முகம்தான், கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து.

ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன். அதுவரை சரி. அடுத்தது கையை வைக்க வேண்டும். சுற்றி முப்பது பெண்கள். கங்காணி. என் கை நகரவில்லை. மழைக்காகப் பெண்கள் எல்லோரும் போர்த்துகிற கறுப்புக் கம்பளி அத்தையின் தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. அதை எடுத்து மடித்து, நெஞ்சின்மேல் வைத்து, அதன்மேல் அழுத்தினேன். கம்பளி மெத்தென்று அமுங்கியது. கீழே உதிர்ந்த இலை மக்கிய மண்ணும் அமுங்கியது. நடுவில் இருந்த அத்தைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் அழுத்திக்கொண்டிருந்தேன். எத்தனை நொடிகள் அப்படிப் போயின என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மேல் நிரையிலிருந்து செல்லம்மா விழுந்தடித்து வந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இந்தாங்க, எங்கம்மாவைக் காப்பாத்துறீங்களா, கம்பளியைக் காப்பாத்துறீங்களா?"

கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்து, "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கடி! கம்பளியைத் தூக்கிப் புடிங்க! கங்காணி, நீங்களுந்தான்!" என்று கத்தினாள்.

"மொதல்ல ரோட்டுக்குத் தூக்கணும். இங்க மண்ணு மெத்துன்னு இருக்கு" என்றேன். இந்த முறை என் குரல் கேட்டது.

பத்தடி கீழே தோட்டத்து லொறி ஓடி ஓடிக் கல்லாக இறுகிய ரோடு. நான்கு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். மற்றவர்கள் முதுகைக் காட்டி வட்டமாக நின்று, கம்பளிகளைக் கைகளில் விரித்துப் பிடித்தார்கள். அந்தக் கறுப்புச் சுவருக்குள்ளே நாங்கள் மூன்று பேர். அத்தை, அவருடைய மகள், நான்.

வெறும் கையை வைத்தேன். ரவிக்கைத் துணிக்குக் கீழே நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. கையை நேராக்கினேன். தோளை மேலே கொண்டுவந்தேன். உலக்கையை நினைத்தேன்.

தொம். முழுதாக விடு. தொம். முழுதாக விடு. ஐந்து ஆனதும், "ஊது" என்றேன். செல்லம்மா தாயின் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு உயர்ந்து தாழ்ந்தது. மறுபடி ஐந்து.

எத்தனையாவது தடவை என்று தெரியாது, கைக்குக் கீழே ஏதோ முறிந்தது. கவ்வாத்து வெட்டிய காய்ந்த மிலாறுக் குச்சி மிதிபடுகிறமாதிரிச் சத்தம். கை நின்றுவிட்டது. அத்தையின் எலும்பை ஒடித்துவிட்டேன். செல்லம்மாவுக்கும் அது கேட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொருந்திரும்" என்றேன். "ஊது."

மழை வந்தது. கம்பளிகளின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. என் தோள் எரிந்தது. வெளியே கங்காணி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தளரும்போதெல்லாம் மாரிமுத்துவின் நெஞ்சைச் சுற்றி மண்ணை மிதித்த என் கால் ஞாபகம் வந்தது. மறுபடி பாரத்தை இறக்கினேன்.

சின்ன டாக்டர் ஒரு காலில் சப்பாத்தோடும் மறுகாலில் சேறோடும் வந்து சேர்ந்தார். கம்பளிச் சுவரை விலக்கிக்கொண்டு உட்கார்ந்து, அத்தையின் கழுத்தில் விரலை வைத்தார்.

"நிப்பாட்டும்."

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிக்குது" என்றார். "தானாவே அடிக்குது. உம்முடைய கையை எடும்."

அத்தை ஒரு விக்கல்போல மூச்சை இழுத்தார். பிறகு இன்னொன்று. கண் திறக்க வெகு நேரம் ஆனது. ஆனால் கண் திறப்பதற்கு முன்பே அவருடைய வலது கை மெல்ல அசைந்தது. தரையில் எதையோ தேடியது. என்ன தேடுகிறார் என்று முதலில் புரிந்துகொண்டவள் செல்லம்மாதான். நனைந்த சேலைத் தலைப்பை எடுத்துத் தாயின் தலையில் போட்டுவிட்டாள். கை தேடுவதை நிறுத்தியது.

நான் எழுந்து, கம்பளிச் சுவருக்கு வெளியே போய், தேயிலைக்குள் நின்று அழுதேன்.

தீபாவளி மாவு

அத்தை பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. லொறியில் திரும்பி வந்தபோது லயமே வந்து பார்த்தது. நான் மட்டும் பீலிப் பக்கம் போய்விட்டேன். முகத்தைக் காட்ட எனக்கும் முடியவில்லை, அவருக்கும் முடியாது. லயத்தில் சில வாய்கள், "மருமகன் தொட்ட ஒடம்பு" என்று முணுமுணுத்தனவாம். செல்லம்மா இஸ்தோப்பில் நின்று ஒரு சத்தம் போட்டாள். "ஆமா, தொட்டாருதான். தொடலைன்னா இந்நேரம் கருமாதிச் சோறு தின்னுருப்பீங்க. அது கெடைக்கலைன்னு கவலையா?" அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அத்தையிடமிருந்துதான் ஒரு சொல்லும் வரவில்லை. கோழியிடம்கூட அவர் பேசவில்லை. இருமினால் நெஞ்சு வலிக்கும் என்று அடக்கிக்கொண்டார். அவர் வெட்கத்தால் பேசவில்லையா, கோபத்தால் பேசவில்லையா என்று தெரியாமல் நான் சுவரையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணாடி அதிராமல் தொங்கியது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. லயம் முழுக்க உலக்கைச் சத்தம். எங்கள் இரண்டு காம்பராவில் மட்டும் இல்லை. அத்தையால் கை தூக்க முடியாது. செல்லம்மாவுக்கோ மலையில் வேலை. ஊறவைத்த அரிசி முறத்தில் கிடந்தது.

நான் உரலை இஸ்தோப்புக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். ஆம்பிளை மாவு இடிக்கிறதைப் பார்த்து எதிர் லயத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பார்க்காததுபோல் இடித்தேன். மாவு வரவில்லை. அரிசி அப்பிக்கொண்டது. உலக்கையை இறுக்கிப் பிடித்துக் குத்திக்கொண்டே இருந்தேன்.

எட்டாவது காம்பராவின் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"ஏ கோழி" என்றது குரல். முன்னைவிட மெலிந்திருந்தது. "ஒலக்கைய அப்படி அமுக்கிப் புடிச்சா மாவு ஆகாதுன்னு சொல்லு. மேல தூக்கி விடணும். அன்னைக்கி என் நெஞ்சுல போட்டாராமே, அந்த மாதிரிப் போடச் சொல்லு."

கோழி உரலுக்குக் கீழே சிந்திய அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது.

நான் தொண்டையைக் கனைக்கவில்லை.

"சரிங்க அத்தை" என்றேன்.

கதவுக்குப் பின்னால் மெல்ல, மாவு சலிக்கிற சல்லடையைத் தட்டித் துடைக்கிற சத்தம் கேட்டது.

நான் உலக்கையைத் தூக்கினேன்.